அலகு இல்லாத எண்: மிடி குமிழ்கள் பற்றி ஒரு மதிப்பீடு

வீட்டில் பழைய வானொலிப் பெட்டி ஒன்று இருந்தால் அதன் ஒலிக் குமிழை மெல்லத் திருகிப் பாருங்கள். குமிழின் தண்டு உள்ளே ஒரு மாறு மின்தடையைச் சுழற்றுகிறது. மின்தடை மாறுகிறது, ஒலி கூடுகிறது அல்லது குறைகிறது. குமிழ் நிற்கும் இடமே ஒலியின் அளவு. இரவு அணைத்துவிட்டு மறுநாள் காலையில் போட்டாலும், முந்திய நாள் விட்ட இடத்திலிருந்தே பெட்டி பேசத் தொடங்கும். கை ஒன்று சொல்லக் காது வேறொன்று கேட்கும் நிலை அங்கு இல்லை.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. அந்த மின்தடை பழுதுபட்டால் வானொலிக் கடைக்குச் சென்று 'வால்யூம் கண்ட்ரோல்' கேட்போம். கடைக்காரர் உடனே, "லாக்கா, லீனியரா?" என்பார். நம் காது ஒலியைக் கூட்டல் கணக்கில் உணர்வதில்லை. பெருக்கல் கணக்கில் உணர்கிறது. ஒலியின் திறன் பத்து மடங்கானால் காதுக்கு ஒரு படி உயர்வு. நூறு மடங்கானால்தான் இரண்டாவது படி. ஆகவே ஒலிக் குமிழுக்கு மடக்கை முறையில் மாறும் மின்தடையே பொருந்தும். மடக்கை அட்டவணையைப் புரட்டியே இராத கடைக்காரரும் இதனை அறிவார். இந்தச் சிறு அறிவு இன்றைய இசை மேசையில் எங்கே போயிற்று என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இன்று பாடல் பதிவு செய்வோரின் கருவிகள் பெரும்பாலும் கணிப்பொறிக்குள் சென்றுவிட்டன. ஏபிள்டன் லைவ், கியூபேஸ், ரீப்பர் போன்ற மென்பொருள்களைத் திறந்தால் திரையில் நூற்றுக்கணக்கான குமிழ்கள் படமாக வரையப்பட்டிருக்கும். மவுசைக் கொண்டு ஒரு நேரத்தில் ஒரு குமிழைத்தான் பிடிக்க முடியும். எனவே எட்டோ பதினாறோ உண்மைக் குமிழ்கள் பதித்த ஒரு சிறு பெட்டியை வாங்கி, யு.எஸ்.பி. கம்பி வழியே இணைத்துக்கொள்கிறார்கள். இதற்கு மிடி கண்ட்ரோலர் என்று பெயர். பெட்டியின் எந்தக் குமிழ் திரையின் எந்தக் குமிழை ஆட்ட வேண்டும் என்று சொல்லி வைப்பதை 'மேப்பிங்' என்பர்; நாம் பிணைத்தல் என்று கொள்வோம்.

பிணைக்கும் முறை எளிது. லைவ் மென்பொருளில் கண்ட்ரோல் விசையுடன் எம் விசையை அழுத்தினால், பிணைக்கத்தக்க இடங்களெல்லாம் நீல நிறம் பெறும். திரைக் குமிழ் ஒன்றைத் தொட்டுவிட்டுப் பெட்டியின் குமிழைத் திருகினால் வேலை முடிந்தது. பத்து வினாடி கூட ஆகாது. பெட்டி விற்போரின் விளம்பரங்கள் இந்தப் பத்து வினாடியைத்தான் பெருமையுடன் சொல்கின்றன. அதற்குப் பின் நடப்பதைச் சொல்வதில்லை.

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் இறுதியாண்டு மாணவர் இருவர் இத்தகைய பெட்டி ஒன்றைத் தாமே செய்தனர். ஓர் ஆர்டுயினோ யூனோ பலகை, 10 கிலோ ஓம் மாறு மின்தடைகள் நான்கு, ஒரு பழைய மரப்பெட்டி, இவ்வளவுதான். 'பியூர் டேட்டா' என்ற இலவச மென்பொருளில் ஒலியை உண்டாக்கி, அதன் வடிப்பானை முதல் குமிழுடன் பிணைத்தனர். குமிழைச் சற்றே தொட்டால் ஒலி துள்ளிக் குதித்தது. பாதிக்கு மேல் திருகினால் மாற்றமே அவ்வளவாகக் காதில் விழவில்லை. பற்றாசு வைத்ததில் கோளாறு என்று நினைத்து என்னிடம் வந்தார்கள். நானும் அப்படியே நினைத்து, ஒரு பிற்பகல் முழுவதும் மல்டிமீட்டரும் கையுமாக ஒவ்வோர் இணைப்பாகச் சோதித்தேன். இணைப்புகளில் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் வேறிடத்தில் இருந்தது.

மூன்று பைட்டுகள்

மிடி என்பது இசைக்கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ள ஏற்பட்ட ஒரு பொதுமொழி. 1980-ஐ ஒட்டிய காலத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் மின்னணு இசைக்கருவியும் தன் இனத்தோடு மட்டுமே பேசும். இதனை மாற்ற வேண்டும் என்று அமெரிக்காவின் டேவ் ஸ்மித் 1981-இல் ஒரு திட்டத்தை ஒலிப் பொறியாளர் சங்கத்தின் முன் வைத்தார். ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இகுதாரோ ககெஹாஷியும் இதில் முனைந்து நின்றார். 1983 ஜனவரியில் ஸ்மித்தின் ப்ராஃபெட்-600 கருவியையும் ரோலண்டின் ஜுபிடர்-6 கருவியையும் ஒரு கம்பியால் இணைத்து, ஒன்றை வாசிக்க மற்றொன்று ஒலிப்பதைக் காட்டினார்கள். அவ்வாண்டே முழு விதிமுறையும் வெளியாயிற்று. போட்டி நிறுவனங்கள் கூடி, ஒரு தரத்தை ஒப்புக்கொண்டு, அதனை எல்லோருக்கும் திறந்துவிட்டது தொழில் வரலாற்றில் அடிக்கடி நடப்பதன்று.

கம்பியில் செல்வது ஒலியன்று என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். எண்கள் மட்டுமே செல்கின்றன; வினாடிக்கு 31,250 பிட்டுகள். ஒரு மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை 32 ஆல் வகுத்தால் கிடைப்பது இது. எளிய சில்லுகளைக் கொண்டே பெறலாம் என்பதால் இந்த வேகம் தேர்வாயிற்று. ஒரு பைட்டுக்கு எட்டுப் பிட்டுகள், தொடக்கமும் முடிவும் குறிக்க இரண்டு, ஆகப் பத்து. ஒரு பைட்டு செல்ல 320 மைக்ரோ வினாடி ஆகும். குமிழ்ச் செய்தி ஒன்று மூன்று பைட்டுகள் கொண்டது. அதற்கு ஒரு மில்லி வினாடிக்குச் சற்றுக் குறைவாகவே பிடிக்கும்.

அந்த மூன்று பைட்டுகள் யாவை? முதலாவது, 'இது ஒரு குமிழ்ச் செய்தி, இன்ன தடத்துக்கு உரியது' என்று அறிவிக்கும். இரண்டாவது, குமிழின் எண். மூன்றாவது, குமிழின் நிலை. செய்தியின் தலைப்பு எது, உள்ளடக்கம் எது என்று பிரித்தறிய ஒவ்வொரு பைட்டிலும் ஒரு பிட் அடையாளமாகச் செலவாகிவிடுகிறது. எஞ்சியவை ஏழு. இரண்டின் ஏழாம் அடுக்கு 128. எனவே குமிழின் நிலை 0 முதல் 127 வரை ஏதேனும் ஒரு முழு எண். எடுத்துக்காட்டாக, 176, 74, 64 என்று வந்தால், 'முதல் தடத்தில் 74-ஆம் குமிழ் 64-இல் நிற்கிறது' என்பது பொருள்.

64 என்றால் என்ன? என் மாணவர் விடைத்தாளில் வெறுமனே '64' என்று எழுதினால் நான் மதிப்பெண் குறைப்பேன். 64 ஹெர்ட்சா, டெசிபெலா, பாகையா? மிடி இதற்கு விடை சொல்வதில்லை. சில எண்களுக்கு வழக்கமான வேலைகளை ஒதுக்கியிருக்கிறார்கள். 7 ஒலி அளவு, 10 இடவலச் சமநிலை, 74 ஒலியின் பளிச்சென்ற தன்மை. ஆனால் அலகு எதற்கும் தெளிவாகக் கட்டப்படவில்லை. மிடி குமிழ் அனுப்புவது அலகு இல்லாத எண். என் மாணவரை அலைக்கழித்தது இதுதான்.

இதனைக் குறையென்று உடனே தள்ளிவிடுவது நியாயமன்று. பொருள் எதுவும் ஏற்றப்படாத காரணத்தால்தான் அந்த எண் எதற்கும் பயன்படுகிறது. 1983-இல் யாரும் கற்பனை செய்யாத மென்பொருளை இன்று அதே மூன்று பைட்டுகள் ஆட்டி வைக்கின்றன. மேடை விளக்குகளைக்கூட அவற்றால் இயக்குகிறார்கள். அந்த ஆண்டில் வாங்கிய கருவியை இன்றைய கணிப்பொறியுடன் நூறு கிராம் எடையில்லாத ஓர் இணைப்பான் கொண்டு பேச வைக்கலாம். அந்த நாளையக் கணிப்பொறித் தரங்களில் இப்படி உயிரோடிருப்பவை மிகச் சில. ஆனால் பொருளைச் சொல்லாமல் விட்டவர்களுக்குக் கிடைத்த வசதிக்கு, பொருளைக் கண்டுபிடிக்க வேண்டியவர் விலை கொடுக்கிறார். அவர் பிணைப்பவர்.

20 முதல் 20,000 வரை

மாணவர் செய்த கணக்கைப் பார்ப்போம். வடிப்பானின் வெட்டு அதிர்வெண் 20 ஹெர்ட்சிலிருந்து ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை மாற வேண்டும். இடையே 127 படிகள். வகுத்தால் படிக்கு 157 ஹெர்ட்ஸ். ஆகவே குமிழின் எண்ணை 157 ஆல் பெருக்கி 20 கூட்டினார்கள். எண்கணிதப்படி குற்றமில்லை.

காதின்படி என்ன ஆகிறது? முதல் படியிலேயே 20 ஹெர்ட்ஸ் 177 ஆகிறது. ஸ்தாயி ஒன்று ஏறினால் அதிர்வெண் இரட்டிக்கும் என்பதை அறிவீர்கள். ஒரே படியில் மூன்று ஸ்தாயிக்கும் மேல் தாவியாயிற்று. குமிழ் பாதித் தூரம் வரும்போது அதிர்வெண் ஏறத்தாழ 9,900. அஃதாவது முதல் பாதியில் ஒன்பது ஸ்தாயிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. மறு பாதி முழுவதற்கும் ஒரே ஒரு ஸ்தாயி. கடைசிப் படியில் மாற்றம் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. தொடக்கத்தில் துள்ளலும் முடிவில் மந்தமும் ஏன் என்பது விளங்கிவிட்டது. வானொலிக் கடைக்காரரின் கேள்வியை நாங்கள் கேட்க மறந்திருந்தோம்.

அதே 127 படிகளை விகித முறையில் பகிர்ந்தால், ஒவ்வொரு படியிலும் அதிர்வெண் 1.056 மடங்காகும். இது ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளிக்கு மிக அருகில் வருகிறது, அது 1.059 மடங்கு. பெயர் பெற்ற மென்பொருள்களின் வடிப்பான்கள் உள்ளேயே இந்த விகித முறையைச் செய்துவிடும். நாமே நிரல் எழுதும்போதும், ஒரே குமிழில் பல அளவுகளைக் கட்டும்போதும்தான் இடறுகிறோம்.

விகித முறையிலும் ஒரு குறை எஞ்சுகிறது. வடிப்பானின் ஒத்ததிர்வைக் கூட்டி வைத்துக் குமிழை மெதுவாகத் திருகினால், வழுக்கிச் செல்ல வேண்டிய ஒலி கட்டை கட்டையாகப் படியேறும். '128 படிகள் போதா' என்று பல்லாண்டாக எழும் குறை இதுவே. எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. சாதாரணக் குமிழ் முந்நூறு பாகை அளவே சுழலும். ஒரு படிக்கு 2.4 பாகை. பட்டாணி அளவுக் குமிழில் உங்கள் விரல் அதைவிட நுண்மையாக நிற்குமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். மேலும், மென்பொருள் இரு படிகளுக்கிடையே சில மில்லி வினாடிகள் சாய்வாக நிரப்பினால் பெரும்பாலான இடங்களில் படிக்கட்டு மறைந்துவிடும்.

விதிமுறையை வகுத்தவர்கள் இதை அறியாதவர்களும் அல்லர். 0 முதல் 31 வரையுள்ள குமிழ்களை 32 முதல் 63 வரையுள்ளவற்றுடன் சோடி சேர்த்தால் 14 பிட்டுகள், அதாவது 16,384 படிகள் கிடைக்கும் என்று முதலிலேயே எழுதி வைத்தனர். அதனைப் பயன்படுத்தும் மலிவுப் பெட்டிகள் அரிது. சுருதியை வளைக்கும் சக்கரத்துக்கு மட்டும் 14 பிட்டுகள் நேரடியாகவே தரப்பட்டன. கர்நாடக இசையைக் கீபோர்டில் வாசிப்போர் இடக்கையால் ஒரு சக்கரத்தை அசைத்துக் கமகம் கொண்டுவருவதைப் பார்த்திருப்பீர்கள். வழக்கமான அமைப்பில் அது மேலும் கீழும் இரண்டிரண்டு கட்டை தூரம் வளைக்கும். ஒரு கட்டைக்கு 4,096 படிகள். காதுக்கு அது போதும், மிச்சமும் உண்டு. சுருதிக்குக் காது கூர்மையானது என்று தெரிந்து கொடுத்தவர்கள், வடிப்பானும் சுருதியைப் போலத்தான் கேட்கும் என்பதை எண்ணிப் பார்த்திருக்கலாம்.

படிகள் போதவில்லையென்றால் பெரும்பாலும் வேறொரு வழி இருக்கிறது: வீச்சைச் சுருக்குவது. லைவ் மென்பொருளில் தாளத்தின் வேகத்தை நிமிடத்துக்கு 20 முதல் 999 அடிகள் வரை வைக்கலாம். அந்த வீச்சு முழுவதையும் ஒரு குமிழில் பரப்பினால் படிக்கு ஏறத்தாழ எட்டு அடி. பாட்டு தடுக்கி விழும். பிணைப்பின் கீழெல்லையை 60 என்றும் மேலெல்லையை 187 என்றும் வைத்துப் பாருங்கள். படிக்குச் சரியாக ஓர் அடி. இந்த இரண்டு எல்லைக் கட்டங்களும் திரையிலேயே இருக்கின்றன. ஆனால் பத்து வினாடிப் பிணைப்பு நம்மை அங்கே அழைத்துச் செல்வதில்லை. தொடங்கும்போதே 'எங்கிருந்து எதுவரை?' என்று மென்பொருள் கேட்டிருக்க வேண்டும். இது மென்பொருள் எழுதுவோர் மீது நான் வைக்கும் முதல் குற்றச்சாட்டு.

குமிழ் அறியாதது

இரண்டாவது குற்றச்சாட்டு பெரிது. குமிழ் பேசும், கேட்காது.

ஒரு பாடலில் குமிழை 100-இல் விட்டீர்கள். அடுத்த பாடலைத் திறந்தீர்கள். அங்கே அதே அளவு 30 என்று சேமிக்கப்பட்டிருக்கிறது. பெட்டிக்கு இது தெரியாது. விரல் பட்டவுடன் 101 என்று அனுப்பும். திரையில் 30 ஒரே தாவலில் 101 ஆகும். ஒலி அளவாக இருந்தால் காதடைக்கும். தலையணி ஒலிபெருக்கி மாட்டிக்கொண்டிருப்பவருக்கு இது வெறும் எரிச்சல் மட்டுமன்று, கேடு.

இதற்கு இரண்டு மருந்துகள் உண்டு. லைவ் மென்பொருள் ஒன்றை 'பிக்-அப்' என்கிறது: குமிழ் 101-இலிருந்து இறங்கி வந்து 30-ஐத் தொடும் வரை அது ஊமை, தொட்ட பிறகே ஆட்சி அதன் கைக்கு வரும். மற்றொன்றில் குமிழும் திரையும் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்து மெல்ல ஒன்றாகும். முதலாவது நேர்மையானது, ஆயினும் மேடையில் தேவையான நொடியில் குமிழ் வாய் திறக்காமல் நிற்கும். இரண்டாவது வழவழப்பானது, ஆனால் அந்த நேரம் முழுவதும் குமிழ் காட்டுவது பொய். என்னைக் கேட்டால் முதலாவதையே சொல்வேன். பொய் சொல்லும் அளவுகோலைவிடப் பேசாத அளவுகோல் மேல்.

முடிவில்லாமல் சுழலும் குமிழ்களும் கிடைக்கின்றன. அவை தம் இடத்தைச் சொல்வதில்லை. 'ஒரு படி முன்', 'ஒரு படி பின்' என்று மட்டும் சொல்லும். தாவலுக்கு இடமில்லை. நல்ல தீர்வு என்று தோன்றும். ஆனால் 'ஒரு படி பின்' என்பதை எப்படி எழுதுவது? ஒரு முறையில் அது 127; மற்றொன்றில் 63; மூன்றாவதில் 65. அந்த இரண்டாவது முறையிலோ 65 என்றால் 'ஒரு படி முன்' என்று பொருள்! பெட்டி ஒரு முறையிலும் மென்பொருள் வேறொரு முறையிலும் இருந்தால், குமிழை எந்தப் பக்கம் திருகினாலும் ஒலி ஒரே பக்கமாக ஓடுவதையும் காணலாம். பயனர் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு பெட்டி வாங்குவார். அலகு இல்லாத எண்ணுக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்கு வேண்டியதில்லை.

வேடிக்கையான சாட்சி ஒன்றும் உண்டு. மேக்கி கண்ட்ரோல் என்ற கலவை மேசைப் பெட்டியில் மோட்டார் பொருத்திய நகர்த்திகள் இருக்கின்றன. மென்பொருளில் அளவு மாறினால் நகர்த்தியும் தானே நகரும், பேச்சு இருவழியாகிறது. அந்த நகர்த்தியின் இடத்தைச் சொல்ல அவர்கள் பயன்படுத்தியது சுருதி வளைப்புச் செய்தியை! ஒரே செய்தியில் 14 பிட்டுகள் கிடைப்பது அங்குதானே? ஒலி அளவு சுருதி வேடம் பூண்டு கம்பியில் போகிறது. இரு முனையும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டதால் வேலை நடக்கிறது. மோட்டாருக்கும் குமிழைச் சுற்றி எரியும் சிறு விளக்கு வளையத்துக்கும் பணம் கூடுதலாகும் என்பதால், மாணவர் வாங்கும் பெட்டிகளில் பெரும்பாலும் இவை இருப்பதில்லை.

புதிய விதிமுறை

2020 ஜனவரியில் மிடி 2.0 ஏற்றுக்கொள்ளப்பட்டது. குமிழின் நிலைக்கு இனி 32 பிட்டுகள், 4,29,49,67,296 படிகள். விளம்பரங்கள் இந்த எண்ணையே முன்னே நிறுத்துகின்றன. எங்கள் ஆர்டுயினோ 5 வோல்ட்டை 1,024 ஆகப் பகுத்து அளக்கிறது. ஒரு பங்கு ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட். குமிழிலிருந்து கையை எடுத்த பிறகும் கடைசி இலக்கம் மேலும் கீழும் துடித்துக்கொண்டே இருக்கும். நிரலில் சற்றுத் தயக்கம் வைத்து எழுதாவிட்டால், யாரும் தொடாத குமிழ் 63, 64, 63, 64 என்று இரவெல்லாம் பிதற்றும். இத்தகைய மின்தடைக்குப் பின்னால் நானூறு கோடிப் படிகளை வைப்பது, நெல் மூட்டை நிறுக்கும் தராசில் மில்லிகிராம் எழுதுவதற்கு ஒப்பாகும்.

புதிய விதிமுறையின் உண்மையான சிறப்பு வேறு. கருவிகள் ஒன்றையொன்று விசாரிக்கலாம்: நீ யார், உன்னிடம் என்னென்ன அளவுகள் உள்ளன, அவற்றின் பெயர் என்ன, இப்போது எந்த நிலையில் உள்ளன? இதற்கு விடை வந்தால் குமிழ் கேட்கவும் தொடங்கிவிடும். குறையின் வேருக்கு மருந்து இது. ஆயினும் மேசைகளில் இன்றும் இருப்பவை பெரும்பாலும் பழைய மூன்று பைட்டுப் பெட்டிகளே. விற்பவர் '2.0' என்று சொன்னால், எத்தனை பிட் என்று கேட்பதை விட்டுவிட்டு, உங்கள் மென்பொருளுடன் அது எதை எதை விசாரித்துக்கொள்ளும் என்று கேளுங்கள்.

எங்கள் மரப்பெட்டிக்கு வருவோம். பியூர் டேட்டாவில் சுர எண்ணை அதிர்வெண்ணாக மாற்றும் ஒரு கட்டளை உண்டு. பெருக்கலை அகற்றிவிட்டு அதனை வைத்தனர். 0 என்பது 8.2 ஹெர்ட்ஸ், 127 என்பது 12,544. ஒவ்வொரு படியும் ஒரு கட்டை. துள்ளல் நின்றது. பிறகு, நிரல் திறந்தவுடன் கணிப்பொறி ஒரு செய்தி அனுப்பவும், பெட்டி தன் நான்கு குமிழ்களின் இடத்தையும் திருப்பிச் சொல்லவும் ஏற்பாடு செய்தனர். இதற்கு ஓர் ஒளிப் பிணைப்பான் சில்லும் சில வரி நிரலும் தேவைப்பட்டன. பழைய வானொலி போலக் குமிழ் நிற்கும் இடமே உண்மை என்றாயிற்று. இதில் ஓர் இழப்பு உண்டு: நேற்றுச் சேமித்த அளவுகள் இன்று திறந்தவுடன் அழிந்துவிடும். அதை அறிந்தே செய்தார்கள்.

கடைசியாக, குமிழைச் சுற்றி ஒரு வெள்ளைத் தாளை வட்டமாக வெட்டி ஒட்டி, பன்னிரண்டு படிக்கு ஒன்றாக 28 பாகை இடைவெளியில் 8, 16, 33, 65, 131 என்று பேனாவால் குறித்து, கீழே 'ஹெர்ட்ஸ்' என்று எழுதினர். அடுத்த வாரம் அதே பெட்டியை ஒலி அளவுக்குப் பிணைத்தபோது தாளைக் கிழித்துவிட்டு, டெசிபெல் குறித்த வேறொரு தாள் ஒட்டினார்கள்.